பூ மண்டிக் கணக்கை 20 நொடியில் அனுப்ப: ரூபியில் ஏசிங்க் எச்டிடிபி, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மதுரை மாட்டுத்தாவணி மலர் சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கு நான் நிரல் எழுதிக் கொடுக்கிறேன். விடிவதற்கு முன்பே உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து மல்லிகை வந்து இறங்கிவிடும். ஏலம் முடிந்ததும் யாருக்கு எத்தனை கிலோ, என்ன விலை, கைக்கு எவ்வளவு என்ற கணக்கு 240 விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். ரூபி என்ற நிரல்மொழியோடு வரும் வழக்கமான நெட் எச்டிடிபி நூலகத்தை வைத்து ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு செய்திக்கு 0.8 நொடி என்றால் 240 பேருக்கு 192 நொடி. அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான். குறுஞ்செய்தி கேட்வே (நம் செய்தியை வாங்கிக் கைப்பேசிகளுக்கு அனுப்பும் சேவை) ஏதாவது ஒரு கோரிக்கைக்குப் பதில் சொல்லாமல் இழுத்தால், நெட் எச்டிடிபி 60 நொடி வரை அதற்காகவே நிற்கும். பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான்.

இதை, ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கவனிக்கும் ஏசிங்க் எச்டிடிபி நூலகத்துக்கு மாற்ற எனக்கு மூன்று வாரம் ஆனது. சரியான வரிசை தெரிந்திருந்தால் நிரல் வேலை இரண்டே நாள்தான். அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். நிரலில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த நூலகம் உங்கள் கணினியை வேகமாக்காது. மண்டியில் தராசு ஒன்று, எடை போடுகிறவர் ஒருவர். ஒருவர் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது அவர் சும்மா நிற்க மாட்டார், அடுத்தவர் மூட்டையைத் தராசில் ஏற்றிவிடுவார். இந்த நூலகத்துக்கு அடித்தளமான ஏசிங்க் என்ற ஜெம் (ரூபி நூலகப் பொதி) செய்வதும் இதுதான். ஒரு கோரிக்கைக்குப் பதில் வரும் வரை அடுத்ததைக் கவனிக்கும். காத்திருப்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால் இது உதவும். தராசே மெதுவாக ஓடினால், அதாவது கணக்குப் போடுவதோ பிடிஎஃப் தயாரிப்பதோதான் நேரம் எடுக்கிறது என்றால், இதனால் பயன் இல்லை. அதைவிட, அந்த வேலையை இதற்குள் வைத்தால் மற்ற 239 பேரும் சேர்ந்தே நின்றுவிடுவார்கள். கனமான வேலையை முதலிலேயே முடித்து, அனுப்ப வேண்டியதைப் பட்டியலாக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் ஏசிங்க்குக்குள் நுழையுங்கள்.

1. நிரலைத் தொடுவதற்கு முன் காகிதங்களை நகர்த்துங்கள்

எல்லாவற்றிலும் அதிக நாள் பிடிப்பது இதுதான். வணிகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும் என்றால் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, வணிகச் செய்திகளுக்கான டிஎல்டி பதிவுத் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கடையின் பான் அட்டை, ஜிஎஸ்டி சான்று, கடையின் லெட்டர்பேடில் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று படிகளில் ஒப்புதல் வாங்க வேண்டும்: கடையின் பெயர், செய்தியில் தெரியும் அனுப்புநர் பெயர், செய்தியின் வார்ப்புரு, அதாவது மாறும் இடங்களைக் குறித்த மாதிரி வாசகம். ஒன்றுக்கு ஒப்புதல் வந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக முடியும். அதனால் குறைந்தது ஒரு வாரமாவது ஒதுக்கி வையுங்கள்.

வார்ப்புருவில் எது மாறும் பகுதி என்று குறித்திருக்கிறீர்களோ, அது மட்டும்தான் மாறலாம். மற்ற இடத்தில் ஒரு இடைவெளி கூடினாலும் செய்தி போய்ச் சேராது. உங்கள் நிரல் ஒழுங்காக அனுப்பியிருக்கும், கேட்வேயும் வாங்கிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கும், விவசாயியின் கைப்பேசிக்கு மட்டும் ஒன்றும் வந்திருக்காது. தவறு ரூபியில் இருப்பதாக நினைத்து நான் இரண்டு நாள் தேடினேன். இன்னொன்று, வார்ப்புரு எண் மிக நீளமானது. அதை எக்செல் தாளில் எண்ணாக ஒட்டி வைத்தால் 15 இலக்கத்துக்கு மேல் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும். உரையாகவே சேமியுங்கள்.

2. ரூபி எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

நூலகத்துக்குக் காசு இல்லை. எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் வில்லியம்ஸ் எழுதிப் பராமரித்து வருகிறார். ரூபிதான் புதிதாக இருக்க வேண்டும். என் பரிந்துரை 3.3 அல்லது அதற்கு மேல்.

உபுண்டு 22.04 சர்வரில் ஆப்ட் என்ற நிறுவும் கருவி மூலம் ரூபியை நிறுவினால் 3.0தான் வரும். அதில் ஜெம்களை நிறுவும் ஜெம் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தால் பிழை எதுவும் காட்டாது. அந்த ரூபிக்குப் பொருந்தும் பழைய ஏசிங்க்கைத் தேடி அமைதியாக நிறுவிவிடும். நீங்கள் புதிய ஆவணத்தைப் பார்த்து எழுதுவீர்கள், ஓடுவதோ பழைய நூலகம். ஏன் எதுவுமே பொருந்தவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். நிறுவியதும் ஏசிங்க்கின் பதிப்பு 2 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். 1 என்று இருந்தால் அங்கேயே நிறுத்தி ரூபியை மாற்றுங்கள்.

ஆர்பிஎன்வி என்ற ரூபிப் பதிப்பு மேலாண்மைக் கருவியை வைத்துப் புதிய ரூபியை நிறுவுவது எளிது, ஆனால் சின்ன சர்வரில் கம்பைல் ஆகக் கால் மணி நேரமாவது எடுக்கும். அதற்கு முன் பில்ட் எசென்ஷியல், ஓப்பன் எஸ்எஸ்எல், இசட்லிப், லிப்யாம்ல் ஆகியவற்றின் டெவலப்மென்ட் பொதிகளை நிறுவிவிடுங்கள். லிப்யாம்லைத்தான் எல்லாரும் மறப்பார்கள். ரூபி 3.2இலிருந்து அது கூடவே வருவதில்லை. கடைசி நேரத்தில் கம்பைல் உடைந்து, மறுபடியும் கால் மணி நேரம் போகும்.

வேண்டிய ஜெம்களைப் பட்டியலிடும் ஜெம்ஃபைலில் ஏசிங்க், ஹைஃபன், எச்டிடிபி என்று ஒரே பெயராக எழுதினால் போதும். அதற்கு வேண்டிய மற்ற ஜெம்கள் தானாக வரும். பதிப்பு எண்களைக் குறித்து வைக்கும் ஜெம்ஃபைல் லாக் கோப்பையும் சேர்த்து, நிரலைச் சேமிக்கும் கிட்டில் போடுங்கள், இல்லையென்றால் உங்கள் மடிக்கணினியில் ஒரு பதிப்பும் சர்வரில் இன்னொன்றும் ஓடும்.

3. முதலில் ஒரு போலி கேட்வே கட்டுங்கள்

இதைச் செய்யாமல் நேராக உண்மையான கேட்வேயில் சோதித்துப் பார்த்துக் காசை விட்டவன் நான். இந்த நூலகத்திலேயே சர்வரும் இருக்கிறது. பத்து வரியில் உங்கள் கணினியிலேயே ஒரு கேட்வேயை ஓட்டலாம். கிளையண்ட், சர்வர் இரண்டையும் ஒரே நாளில் கற்றுக்கொண்டதாகவும் இருக்கும், ஒரு பைசா செலவும் இல்லை.

வரிசை இப்படி. ஏசிங்க் எச்டிடிபி எண்ட்பாயிண்ட்டின் பார்ஸ் முறைக்கு லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 9292 என்ற முகவரியைக் கொடுங்கள். கிடைத்த எண்ட்பாயிண்ட்டை ஏசிங்க் எச்டிடிபி சர்வரின் ஃபார் முறைக்குக் கொடுத்து, கூடவே ஒரு பிளாக் எழுதுங்கள். ஒவ்வொரு கோரிக்கையும் அந்த பிளாக்குக்குள் வரும். உள்ளே ஸ்லீப் 0.8 என்று ஒரு வரி. அதன் கீழே புரோட்டோகால் எச்டிடிபி ரெஸ்பான்ஸில் 200 (சரி) என்ற நிலை எண், காலியான ஹெடர் (பதிலோடு போகும் குறிப்புகள்), அடுக்குக்குள் வைத்த பதில் உரை. இவை எல்லாவற்றையும் ஏசிங்க் பிளாக்குக்குள் வைத்து, கடைசியில் சர்வரின் ரன் முறையை அழையுங்கள்.

ஸ்லீப் போட்டால் சர்வர் தூங்கிவிடாதா என்று தோன்றும். தூங்காது. ஏசிங்க்குக்குள் ஸ்லீப் என்பது அந்த ஒரு கோரிக்கையை மட்டும் ஓரமாக நிறுத்தும், மற்றவை நடந்துகொண்டிருக்கும்.

சர்வர் ஓடத் தொடங்கியதும் அதைக் கொஞ்சம் கெடுத்து வையுங்கள். ஒரு எண்ணியை வைத்து, ஒவ்வொரு 15ஆவது கோரிக்கைக்கும் 500 (சர்வர் பிழை) என்று பதில் தரட்டும். ஒவ்வொரு 20ஆவது கோரிக்கையும் ஒரு நிமிடம் இழுக்கட்டும். உண்மையான கேட்வே முகூர்த்த நாளில் எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படியே இதுவும் நடந்துகொள்ளும். கீழே வரும் எல்லாப் படிகளையும் இதன் மேல்தான் சோதிக்க வேண்டும்.

4. ஒரே ஒரு கோரிக்கை, அதை ஒழுங்காக மூடுவது

ஏசிங்க் எச்டிடிபி இன்டர்நெட் என்ற வகுப்பிலிருந்து ஒரு பொருளை உருவாக்கி, அதன் கெட் (தகவல் கேட்பது) அல்லது போஸ்ட் (தகவல் கொடுப்பது) முறையை அழைப்பதுதான் எளிய வழி. ஹெடர்களைச் சின்ன எழுத்திலேயே கொடுங்கள். எச்டிடிபி 2இல் அப்படித்தான் இருந்தாக வேண்டும். வரும் பதிலில் ரீட் என்று அழைத்தால் உரை முழுவதும் கிடைக்கும்.

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். என் மூன்று வாரத்தில் ஒரு வாரத்தை விழுங்கியது இந்த இடம்தான்.

பதில் வந்தவுடன் நிலை எண்ணை மட்டும் பார்த்து, 200 இருந்தால் சரி என்று நான் விட்டுவிட்டேன். உரையைப் படிக்கவில்லை, பதிலை மூடவும் இல்லை. இந்த நூலகம் இணைப்புகளை ஒரு குளம்போல வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. பதிலைப் படித்து முடித்தாலோ மூடினாலோதான் அந்த இணைப்பு குளத்துக்குத் திரும்பும். நான் மூடாமல் விட்டதால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புது இணைப்பு திறந்துகொண்டே போனது. எல்லாம் அனுப்பிய பிறகு கடைசி வரியில் இன்டர்நெட்டை குளோஸ் செய்தால், குளம் வடியக் காத்திருக்கிறேன் என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை மட்டும் திரையில் வரும். நிரல் அதோடு நின்றுவிடும். வடியவே வடியாது.

அதனால் எப்போதும் பிகின், என்ஷ்யூர் (பிழை வந்தாலும் கட்டாயம் ஓடும் பகுதி) போட்டு, என்ஷ்யூரில் பதிலை குளோஸ் செய்யுங்கள். பதில் நில் (ரூபியில் ஒன்றுமில்லை என்று பொருள்) ஆக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்புகளில் கெட், போஸ்ட் முறைகளுக்கு ஒரு பிளாக் கொடுக்கலாம். பிளாக் முடிந்ததும் அதுவே மூடிவிடும். புதியவர்கள் அந்த வழியையே பழகுங்கள்.

நிலை எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 404 (முகவரி இல்லை) வந்தாலும் 500 வந்தாலும் இந்த நூலகம் பிழையை எழுப்பாது, பதிலாகத்தான் தரும். சக்சஸ் என்ற கேள்விக்குறி முறையை நீங்கள்தான் அழைத்துப் பார்க்க வேண்டும். பல குறுஞ்செய்தி கேட்வேக்கள் கணக்கில் காசு தீர்ந்தாலும் 200 என்றே சொல்லிவிட்டு, பிழையை உரைக்குள் எழுதி அனுப்பும். உரையையும் படித்துப் பார்க்காமல் அனுப்பியாயிற்று என்று குறிக்காதீர்கள்.

5. 240 பேருக்கும் சேர்த்து, ஆனால் பத்துப் பத்தாக

ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு ஏசிங்க் பணி தொடங்கினால், போலி கேட்வேயில், இழுக்க வைத்தவை தவிர மற்ற எல்லாம் ஏறத்தாழ ஒரு நொடியில் முடிவதைப் பார்ப்பீர்கள். பார்த்ததும் கை துறுதுறுக்கும். உண்மையான கேட்வேயில் அப்படிச் செய்யாதீர்கள். 429 என்று பதில் வரும், அதிகமாகக் கேட்கிறாய் என்று பொருள். தொடர்ந்து செய்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். ஒப்பந்தத்தில் ஒரு நொடிக்கு எத்தனை கோரிக்கை என்று என்ன எழுதியிருக்கிறது என முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு இரண்டு கருவிகள். ஏசிங்க் பேரியர், எல்லாப் பணிகளும் முடியும் வரை காத்திருக்கும். ஏசிங்க் செமஃபோர், ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்று கட்டுப்படுத்தும். செமஃபோரை 10 என்ற எண்ணோடு உருவாக்கி, அதன் பேரண்ட்டாகப் பேரியரைக் கொடுங்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் செமஃபோரின் ஏசிங்க் முறையை அழையுங்கள். கடைசியில் பேரியரின் வெயிட், என்ஷ்யூரில் பேரியரின் ஸ்டாப். பத்துப் பத்தாகப் போனால் 24 சுற்று, சுற்றுக்கு 0.8 நொடி, மொத்தம் 20 நொடிக்குள். மண்டிக்கு இது தாராளம்.

ஒரு பணிக்குள் எழும் பிழையை அங்கேயே பிடிக்காவிட்டால், வெயிட் அந்தப் பிழையை மேலே தூக்கி எறியும். உடனே என்ஷ்யூரில் இருக்கும் ஸ்டாப் ஓடி, வரிசையில் மிச்சம் இருப்பவர்களை எல்லாம் நிறுத்திவிடும். 31ஆவது ஆளுக்கு இணைப்பு அறுந்ததால் 240ஆவது ஆளுக்குச் செய்தி போகவில்லை என்று ஆகிவிடும். பிழையைப் பிடிக்கும் ரெஸ்க்யூவை ஒவ்வொரு பணிக்குள்ளும் வையுங்கள், வெளியே வைத்தால் பயனில்லை.

ரயில்ஸ் என்ற ரூபி வெப் கட்டமைப்புக்குள் இதை ஓட்டுபவர்கள் ஆக்டிவ் சப்போர்ட்டின் ஐசொலேஷன் லெவலை ஃபைபர் என்று மாற்றுங்கள், ரயில்ஸ் 7இலிருந்து இந்த வசதி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் என்றால் பிஜி ஜெம் 1.3 அல்லது அதற்கு மேல்.

6. கால வரம்பை நீங்கள்தான் வைக்க வேண்டும்

நெட் எச்டிடிபிபோல இது 60 நொடியில் தானாகக் கைவிடாது. நீங்கள் சொல்லவில்லை என்றால் காத்துக்கொண்டே இருக்கும். பணியின் வித் டைம்அவுட் முறைக்கு 10 என்று கொடுத்து, அதற்குள் கோரிக்கையையும் பதிலைப் படிப்பதையும் சேர்த்தே வையுங்கள். கோரிக்கையை மட்டும் உள்ளே வைத்தால், பாதிப் பதில் வந்து மீதி வராமல் நிற்கும்போது வரம்பு வேலை செய்யாது. போலி கேட்வேயில் 20ஆவது கோரிக்கைகளை இழுக்க வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அவை பத்து நொடியில் அறுகின்றனவா என்று பாருங்கள்.

7. ஒரே செய்தி இரண்டு முறை போவது

இதை வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டாதீர்கள். ஐப்பசியில் ஒரு முகூர்த்த நாள், 46 விவசாயிகளுக்கு ஒரே கணக்கு இரண்டு முறை போய்விட்டது. கடைக்கு வரிசையாகத் தொலைபேசி. "என்ன தம்பி, ரெண்டு தடவ கணக்கு வந்திருக்கு, ரெண்டு காசும் எனக்குத்தானா?" என்று ஒரு ஐயா என்னிடமே கேட்டார். அவர் பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தத் தொகையைக் கணக்குப் போட்டிருந்தார். ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடந்தது இது. கேட்வேயில் செய்தி அனுப்ப கெட் முகவரியைப் பயன்படுத்தியிருந்தேன். கெட் என்றால் வெறும் தகவல் கேட்பதுதான், திரும்பக் கேட்டாலும் ஒன்றும் கெடாது என்பது எச்டிடிபியின் பொது விதி. ஏசிங்க் எச்டிடிபி அந்த விதியை நம்பி, நடுவில் இணைப்பு அறுந்தால் கெட் கோரிக்கையைத் தானே மறுபடி அனுப்பும். மொத்தம் மூன்று முயற்சி வரை செய்யும். அன்று கேட்வே செய்தியை வாங்கிக்கொண்டு, பதில் சொல்வதற்குள் இணைப்பை அறுத்தது. நூலகம் தன் கடமையைச் செய்தது.

தீர்வு மூன்று. கேட்வே போஸ்ட் ஏற்கும் என்றால் போஸ்ட்டையே பயன்படுத்துங்கள். கோரிக்கை முழுதாகப் போன பிறகு அறுந்தால் போஸ்ட்டை நூலகம் திரும்ப அனுப்பாது. கெட் மட்டும்தான் உண்டு என்றால், இன்டர்நெட் பொருளை உருவாக்கும்போதே ரெட்ரைஸ் என்பதற்கு 0 கொடுங்கள். மூன்றாவது எந்த நிலையிலும் வேண்டும்: அனுப்புவதற்கு முன் "அனுப்பப் போகிறேன்" என்று தரவுத்தளத்தில் ஒரு வரி, பதில் வந்த பிறகு "அனுப்பினேன்" என்று ஒரு வரி. கால வரம்பு முடிந்து அறுந்தால் செய்தி போகவில்லை என்று பொருள் இல்லை, போனதா என்று தெரியவில்லை என்றுதான் பொருள். அந்த நிலையில் இருப்பவர்களுக்குத் தானாக மறுபடி அனுப்பாமல், செய்தி சேர்ந்ததா என்று கேட்வே சொல்லும் டெலிவரி ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவெடுங்கள்.

8. தமிழ் எழுத்தை எண்ணுவதும் செலவும்

ஆங்கிலச் செய்தியில் ஒரு துண்டுக்கு 160 எழுத்து. தமிழில் 70தான். 70ஐத் தாண்டினால் துண்டுக்கு 67 என்று குறையும். காசு துண்டுக்குத்தான்.

எழுத்து என்று நாம் நினைப்பதும் இங்கே எண்ணப்படுவதும் வேறு. "மல்லிகை" நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனி என்பதால் அது 7. இந்த வரியைப் பாருங்கள்: "மல்லிகை 12 கிலோ, விலை 640, தொகை 7680". ரூபியில் இதன் லெங்த் 36, அதுவே குறுஞ்செய்திக் கணக்கும். பைட்சைஸ் 74. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். போஸ்ட் அனுப்பும்போது கன்டென்ட் லெங்த் ஹெடரை நீங்களே எழுத வேண்டாம். லெங்த்தைப் போட்டால் மறுமுனை 36 பைட்டோடு நிறுத்திவிடும். நூலகமே சரியாகக் கணக்கிட்டுக்கொள்ளும்.

சில விசைப்பலகைகளில் அடித்த "தொ" ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், எண்ணிக்கை கூடும், டிஎல்டி வார்ப்புருவோடும் பொருந்தாது. அனுப்பும் முன் யூனிகோட் நார்மலைஸ் முறையை என்எஃப்சி என்று கொடுத்து ஓட்டிவிடுங்கள்.

செலவை ஒரு கணக்கில் பார்ப்போம். துண்டுக்கு 20 பைசா என்று வைத்துக்கொண்டால், 150 குறி உள்ள செய்தி மூன்று துண்டு. 240 பேருக்கு ஒரு நாளைக்கு 144 ரூபாய். வணக்கம், நன்றி, கடையின் முழு முகவரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 70க்குள் கொண்டுவந்தால் 48 ரூபாய். 30 நாளில் 2,880 ரூபாய் மிச்சம். வார்ப்புருவை டிஎல்டியில் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

9. டெலிவரி ரிப்போர்ட்டை வாங்கும் சர்வர், பிறகு தொடக்க நாள்

செய்தி சேர்ந்ததா என்பதை கேட்வே உங்கள் முகவரிக்கு வந்து சொல்லும். போலி கேட்வேக்கு எழுதிய அதே சர்வர் நிரலைக் கொஞ்சம் மாற்றினால் போதும். வரும் கோரிக்கையை ரீட் செய்து, கோப்பிலோ வரிசையிலோ போட்டுவிட்டு, உடனே 200 சொல்லுங்கள். தரவுத்தள வேலைகளை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். உரை இல்லாமல் கோரிக்கை வந்தால் ரீட் நில் தரும், அதற்குத் தயாராக இருங்கள். முகவரியில் யூகிக்க முடியாத ஒரு நீண்ட சொல்லைச் சேர்த்து, அது இல்லாமல் வருவதைத் திருப்பி அனுப்புங்கள். உங்கள் சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர், எச்டிடிபிஎஸ் சான்றிதழுக்கு லெட்ஸ் என்கிரிப்ட். காசில்லை, ஆனால் 90 நாளில் காலாவதியாகும், தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டு வையுங்கள். ரேக் அல்லது ரயில்ஸ் செயலியாகவே வேண்டும் என்றால் இதே குடும்பத்தின் ஃபால்கன் சர்வர் இருக்கிறது.

சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில் இருக்கும். காலை 11.30க்கு ஓட வேண்டியதை கிரான் என்ற நேரம் குறிக்கும் கருவியில் 6 மணி என்றுதான் எழுத வேண்டும். 11.30 என்றே எழுதினால் மாலை ஐந்து மணிக்குக் கணக்குப் போகும், அதற்குள் எல்லாரும் ஊர் திரும்பியிருப்பார்கள்.

முதல் மூன்று நாள் ஐந்து பேருக்கு மட்டும் புதிய நிரலில் அனுப்புங்கள். அந்த ஐந்து பேரில் உங்கள் எண்ணும் கடைக்கார அண்ணன் எண்ணும் இருக்கட்டும். மற்றவர்களுக்குப் பழைய நிரலே போகட்டும். ஒரு முகூர்த்த நாளைத் தாண்டும் வரை பழையதை அழிக்காதீர்கள்.